சொந்த ஐஸ்... வாடகை ஐஸ்!

சல்லடை!

இந்த வார்த்தையைக் கேட்டதும் மாவு சலிக்கிற அம்மா ஞாபகத்துக்கு வந்தா, நீங்க ரொம்ப நல்ல பிள்ளை. அமெரிக்கக் காலேஜ் ஐஸ் ஹாக்கி பார்க்கிற பசங்களுக்கு இதோட அர்த்தமே வேற. எதிர் டீம் கோல்கீப்பர் ஒரு கோலை விட்டுட்டான்னா போச்சு... ஸ்டூடன்ட்ஸ் கேலரி மொத்தமும் எழுந்து நின்னு, அவனை நோக்கி விரலை நீட்டி, 'சீவ்... சீவ்... சீவ்...'னு கத்தும். சீவ்னா சல்லடை. 'உடம்பு பூரா ஓட்டைதான்டா மாப்ளே உனக்கு'னு அர்த்தம்!

இப்ப அந்த கோல்கீப்பர் நீங்கதான்னு வெச்சுக்கங்க. வயசு இருபது. பஸ்ல மணிக்கணக்கா உட்கார்ந்து முதுகு விட்டுப்போய் வந்து இறங்கியிருக்கீங்க. இடம், நியூயார்க் மாநிலத்துல இத்தாக்காங்கிற ஊர். கார்னெல் யுனிவர்சிட்டியோட லைனா ரிங்க். மொத்தமே 4,267 ஸீட்தான். உங்க டீம் பேர்களை மைக்ல ஒவ்வொண்ணா வாசிக்கிறாங்க. கேலரியில ஒரு பயபுள்ளகூட உங்களைப் பார்க்கலை. எல்லாரும் நியூஸ்பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டு சீரியஸா படிக்கிறாங்க! 'நீ யாரா வேணா இரு... உன்னைவிட இந்தப் பேப்பர் சுவாரஸ்யம்'னு சொல்லாம சொல்றாங்க. நீங்க ஹார்வர்டு பையனா இருந்துட்டா நிலைமை இன்னும் மோசம். ஐஸ் மேல மீன் வந்து விழும். நிஜ மீன்! 1973-ல ஹார்வர்டு ஆளுங்க கார்னெல் கோல்கீப்பர் மேல செத்த கோழியை எறிஞ்சதுக்குப் பதிலடியா ஆரம்பிச்சதுனு சொல்றாங்க. அரை நூற்றாண்டு ஆகியும் அந்தக் கடன் தீரலை.

இதுக்கு அங்கே 'ஹோம் ஐஸ் அட்வான்டேஜ்'னு பேர். சொந்த ஐஸ்ல ஆடுறதோட பலம்.

எதுக்குப்பா இவ்வளவு பில்டப்னு கேக்குறீங்களா? விஷயம் இருக்கு. சீசன் முழுக்க இந்தக் கூட்டமும் கூச்சலும் மீனுமா இருக்கிற ஆட்டம், மார்ச் மாசக் கடைசியில நேஷனல் டோர்னமென்ட் வந்ததும் ஊமையாகிடுது. வருஷத்தோட முக்கியமான மேட்ச், பாதி காலியான ஹால்ல நடக்குது. டி.வி-யில பார்த்தா பக் பலகையில மோதுற 'டொக்' சத்தம்கூட தெளிவா கேக்குது. (பக்னா கறுப்பு ரப்பர் வட்டு. பந்துக்குப் பதில் அதான்.) ஏன் இப்படினு நோண்டப் போய்தான் நானும் என் ரூம்மேட்டும் ஒரு வாரமா பேசிக்கிறதில்லை. அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல, சொந்த ஐஸ்ல அப்படி என்ன இருக்கு?

கூச்சல் மட்டும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. ரூல் புக்லயே ஒரு சலுகை இருக்கு. ஐஸ் ஹாக்கியில ஒருத்தன் ஒரே மூச்சுல முக்கால் நிமிஷம் ஆடுனாலே நாக்கு தள்ளிடும். அதனால மூணு மூணு ஃபார்வர்டா செட் செட்டாப் பிரிச்சு மாத்தி மாத்தி இறக்குவாங்க. ஆட்டம் நின்னு மறுபடி ஆரம்பிக்கிறப்போ, வந்த டீம்தான் முதல்ல ஆளை இறக்கணும். வீட்டுக்கார டீம் கோச் கையைக் கட்டிக்கிட்டு, 'யார் வர்றா?'னு நிதானமா பார்த்துட்டு, அப்புறம் தன் ஆளை இறக்கலாம். இதுக்கு 'லாஸ்ட் சேஞ்ச்'னு பேர். எதிராளி சீட்டைக் காட்டுன பிறகு நம்ம சீட்டைப் போடுற மாதிரி! அவன் ஸ்டார் ப்ளேயர் இறங்குனா, அட்டையா ஒட்டிக்கிற நம்ம முரட்டு ஆளை அனுப்பலாம். அவன் டொக்கு செட் இறங்குனா, நம்ம கில்லியை அனுப்பலாம். அறுபது நிமிஷ ஆட்டத்துல இந்தக் கண்ணாமூச்சி எத்தனை தடவை நடக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

அடுத்தது ஐஸோட அளவு. அதுவும் எல்லா ஊர்லயும் ஒண்ணில்லை. வழக்கமான ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒலிம்பிக் அளவு ரிங்க்னா அகலம் 100 அடி. மினசோட்டா யுனிவர்சிட்டியோட மாரியூச்சி அரீனா 2023-ல குறுக்குற வரைக்கும் அந்த அகல சைஸ்தான். 85 அடியிலயே வளர்ந்த டிஃபென்டர் அங்கே போனா, பலகை எப்பவும் இருக்கிற இடத்துல இருக்காது. வழக்கமான கணக்குல ரெண்டடி எடுத்து வெச்சு ஆளை மடக்கப் போவான். நடுவுல பஸ் போற அளவுக்கு இடைவெளி இருக்கும். பலகையும் அப்படித்தான். ஒரு ஊர்ல பக் சொத்துனு விழும், ஒரு ஊர்ல ரப்பர் பந்தா திரும்பி வரும். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல 'கோஎஃபிஷியன்ட் ஆஃப் ரெஸ்டிட்யூஷன்'னு ஒண்ணு படிச்சோமே... அரியர் வெச்சவங்களுக்காவது ஞாபகம் இருக்கும். அதை வீட்டுக்காரப் பசங்க பரீட்சை எழுதாமலே மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க.

கடைசியாதான் கூட்டம். கத்துனா நம்ம ஆளு நல்லா ஆடுவானோ இல்லையோ, விசில் ஊதுற ஆளு மாறுவார்! 2002-ல இங்கிலாந்துல ஆலன் நெவில் குழுவினர் ஒரு சோதனை பண்ணுனாங்க. ஃபுட்பால் நடுவர்கள் 40 பேருக்கு ஒரே மேட்ச் வீடியோவைப் போட்டுக் காட்டுனாங்க. சிலருக்குக் கூட்டத்தோட சத்தத்தோட, சிலருக்கு ம்யூட்ல. சத்தத்தோட பார்த்தவங்க வீட்டுக்கார டீமுக்கு எதிரா சொன்ன ஃபவுல் சுமார் 15 சதவிகிதம் குறைவு. லஞ்சம் இல்லை, கெட்ட எண்ணம் இல்லை. ஆயிரம் பேர் 'ஊஊ'னு ஊளையிடுறப்போ கை ஒரு நொடி தயங்கும். நீங்களும் நானும் நடுவரா இருந்தாலும் அதேதான்!

இதெல்லாம் வெறும் ரசிகன் நம்பிக்கைனு ஒதுக்கிட முடியாதபடி, அந்த ஊர் காலேஜ் விளையாட்டுகளை நடத்துற என்.சி.ஏ.ஏ-வே கணக்குல எழுதி வெச்சுது. அங்கே டோர்னமென்ட்டுக்கு டீம் எடுக்குறது ஃபார்முலாப்படி. 2013-14 சீசன்லேர்ந்து அந்த ஃபார்முலாவுல, சொந்த ஐஸ்ல ஜெயிச்சா அது 0.8 வெற்றி. எதிரி ஊர்ல போய் ஜெயிச்சா 1.2 வெற்றி! சொந்த ஊர்ல தோத்தா 1.2 தோல்வி, வெளியூர்ல தோத்தா 0.8. அதாவது, 'வீட்ல ஜெயிக்கிறது ஈஸிதான் தம்பி, அலட்டாதே'னு அவங்களே மார்க்கைக் குறைச்சாங்க.

இப்ப ட்விஸ்ட். இப்படி தசமப் புள்ளி வரைக்கும் எடை போட்டு, வரிசைப்படுத்தி, 'நீதான் நாட்டுலயே நம்பர் ஒன்'னு ஒரு டீமுக்குச் சொல்றாங்களே... அவங்களுக்குப் பரிசு என்ன தெரியுமா? சொந்த ஐஸ் கிடையாது! ஏதோ ஒரு ஊர்ல, யாரோ ஒருத்தரோட வாடகை ஹால்ல போய் ஆடணும். லாஸ்ட் சேஞ்ச் மட்டும் கையில கொடுப்பாங்க. மீனும் இல்லை, பேப்பரும் இல்லை.

டோர்னமென்ட் அமைப்பு சிம்பிள். 16 டீம். நாலு ஊர், ஊருக்கு நாலு டீம். ஒரு தோல்வினா மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊருக்கு ஒருத்தரா ஜெயிச்ச நாலு பேரும் ஏப்ரல்ல 'ஃப்ரோஸன் ஃபோர்'ங்கிற கடைசி ரவுண்டுக்குப் போவாங்க. 2003-லேர்ந்து இப்படித்தான். இந்த நாலு ஊரும் எதுனு வருஷக்கணக்கா முன்னாடியே முடிவாகிடும். எந்த டீம் எந்த ஊருக்குனு தெரியுறது ஞாயித்துக்கிழமை. மேட்ச், வியாழன் இல்லைன்னா வெள்ளி!

இப்ப ஒரு ஸ்டூடன்ட்டா யோசிங்க. பக்கத்து ஊர் மேட்ச்சுக்கு ஓ.டி. வாங்கவே எச்.ஓ.டி. ரூம் வாசல்ல ரெண்டு நாள் தவம் கிடந்த கூட்டம்தானே நாம? அங்கே உங்க டீம் செலக்ட் ஆகியிருக்கு. உங்களுக்கு இருக்கிறது நாலே நாள். ஊரோ ஐநூறு மைல் தள்ளி. ஃப்ளைட் டிக்கெட் யானை விலை. ஹோட்டல் எடுக்கணும். மேட்ச் டிக்கெட்டை மூணு ஆட்டத்துக்கும் சேர்த்துப் பேக்கேஜா தலையில கட்டுவாங்க. உங்க டீம் முதல் ஆட்டத்துலயே அவுட்டாயிட்டா, ஃபைனலுக்கு யாரோ ரெண்டு பேர் ஆடுறதைப் பார்த்துட்டு வரலாம். திங்கக்கிழமை க்ளாஸ் வேற. போவீங்களா? ஹாஸ்டல் காமன் ரூம்ல டி.வி. இருக்குல்ல? அதான் அவங்களும் பண்றாங்க. வாராவாரம் க்யூல நின்னு கேலரியை ரொப்புன அதே பசங்க வீட்ல, ஹால்ல ஸீட் காலி!

இங்கே ஸைடுல ஒரு விஷயம். 'இத்தனை பேர் வந்தாங்க'னு அறிவிக்கிற எண்ணை அப்படியே நம்பிடாதீங்க. 2010 டிசம்பர் 11-ம் தேதி, மிச்சிகன் யுனிவர்சிட்டியோட மாபெரும் ஃபுட்பால் ஸ்டேடியத்துல ஐஸ் போட்டு, மிச்சிகன் ஸ்டேட்கூட ஒரு மேட்ச் நடத்துனாங்க. அறிவிச்ச கூட்டம் 1,13,411. கின்னஸ்காரங்க வந்து எண்ணுனது 1,04,173! எண்ணிப் பார்த்தாலும் அது உலக சாதனைதான். அதுல சந்தேகம் இல்லை. ஆனா, வித்த டிக்கெட் வேற, வந்த ஆள் வேற. அந்த ஒன்பதாயிரம் சொச்சம் பேர் எங்கே போனாங்கனு யோசிச்சா எனக்கு எங்க க்ளாஸ் அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டர் ஞாபகம் வருது.

சரி, ஹால் காலியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், எல்லாருக்கும் ஒரே நியாயம்தானேனு கேக்கலாம். அங்கதான் இடிக்குது. 'நியூட்ரல்'னு பேர் வெச்சாலும் எல்லா ஊரும் எல்லாருக்கும் ஒண்ணில்லை. ஹாலை நடத்துறதுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு காலேஜ்தான் பொறுப்பு எடுத்துக்கும். அந்த காலேஜ் டோர்னமென்ட்டுக்குத் தகுதி பெத்துட்டா, அது அந்த ஊர்லயே ஆடும்! 2025-ல என்ன ஆச்சு? மெய்ன் யுனிவர்சிட்டி அருமையான சீசன் ஆடி, தன் பிரிவுல முதல் இடத்தைப் பிடிச்சுது. பரிசா, ஐநூறு மைலுக்கு மேல தள்ளி பென்சில்வேனியாவுல ஆலன்டவுனுக்கு அனுப்புனாங்க. எதிர்ல யாரு? அதே பென்சில்வேனியாவோட பென் ஸ்டேட். ஹாலுக்குப் பொறுப்பு எடுத்திருந்ததும் அவங்கதான்! பிரிவுல கடைசி, நாலாவது இடம். ஆனா, கேலரி அவங்களோடது. 5-1 ஸ்கோர்ல மெய்ன் காலி. அடுத்து கனெக்டிகட்டையும் ஓவர் டைம்ல 3-2-னு சாய்ச்சு, பென் ஸ்டேட் முதன்முதலா ஃப்ரோஸன் ஃபோருக்குப் போச்சு. ஜெயிச்ச பசங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? நல்லாவே ஆடுனாங்க. ஆனா, மெய்ன் ரசிகனா இருந்தா எனக்கு வயிறு எரிஞ்சிருக்கும்.

இது இன்னிக்கு நேத்து சமாசாரமும் இல்லை. 1948-ல டோர்னமென்ட் ஆரம்பிச்சதுலேர்ந்து முதல் பத்து வருஷம் கொலராடோ ஸ்ப்ரிங்ஸ்ல, பிராட்மூர் ஹோட்டல்காரங்களோட ரிங்க்லயே நடந்தது. அந்த ரிங்க்ல வருஷம் பூரா ஆடுறது யாரு? உள்ளூர் கொலராடோ காலேஜ். அவங்க ஜெயிச்ச நேஷனல் பட்டம் மொத்தம் ரெண்டு. 1950, 1957. ரெண்டுமே அந்தப் பத்து வருஷத்துக்குள்ளே, அதே ஐஸ்ல! 2006-ல விஸ்கான்சின் இன்னும் ஜோர். ரீஜனல் கிரீன் பே-யில, ஃப்ரோஸன் ஃபோர் மில்வாக்கியில. ரெண்டும் விஸ்கான்சின் மாநிலத்துக்குள்ளேயே இருக்கு. மாநில எல்லையைத் தாண்டாமலே நேஷனல் சாம்பியன்! ஃபைனல்ல பாஸ்டன் காலேஜை 2-1-னு ஜெயிச்சப்போ ஹால்ல 17,758 பேர். கிரீன் பே-யில இவங்ககிட்ட மூணாவது ஓவர் டைம் வரைக்கும் போய் 1-0-னு தோத்தது யார் தெரியுமா? நம்ம மீன்காரங்க, கார்னெல்! அதுக்கு முந்தின வருஷமும் அவங்களுக்கு இதே கதைதான். 2005-ல மினசோட்டாகிட்ட ஓவர் டைம்ல 2-1. மேட்ச் நடந்த இடம், மினசோட்டாவோட அதே மாரியூச்சி அரீனா. ரெண்டு வருஷம் தொடர்ந்து அடுத்தவன் வீட்ல போய் ஓவர் டைம்ல சாகுறதுனா... பாவம்யா!

மிச்சிகனோட யோஸ்ட் அரீனாவைச் சொல்லாம விட்டா சாபம் விடுவாங்க. 1923-ல கட்டுன செங்கல் கட்டடம். 1998-ல ரீஜனல் அங்கே நடந்தப்போ, நடப்பு சாம்பியனா வந்த நார்த் டகோட்டாவை மிச்சிகன் 4-3-னு சாய்ச்சு, நேரா போய்ப் பட்டத்தையும் தூக்கிட்டாங்க. 2002-ல பிரிவுல முதல் இடத்துல வந்த டென்வர், 2003-ல அதேமாதிரி வந்த கொலராடோ காலேஜ், ரெண்டு பேருமே யோஸ்ட்ல 5-3-னு காலி. அச்சடிச்ச மாதிரி ஒரே ஸ்கோர்! 'இது என்னய்யா நியூட்ரல்?'னு மத்தவங்க கொதிச்சதுல தப்பே இல்லை.

ஆனா, கூட்டம்னா என்னனு எனக்குப் புரியவெச்ச மேட்ச் இது எதுவுமில்லை. 2006 மார்ச், கிராண்ட் ஃபோர்க்ஸ்.

நார்த் டகோட்டா யுனிவர்சிட்டியோட ரால்ஃப் எங்கல்ஸ்டாட் அரீனா, காலேஜ் ரிங்க்னு நம்பவே முடியாத அரண்மனை. 2001-ல நூறு மில்லியன் டாலருக்கு மேல செலவழிச்சுக் கட்டுனது. பதினோராயிரத்துச் சொச்சம் ஸீட், அதுவும் லெதர் ஸீட்! அந்த வருஷம் ரீஜனல் அங்கே. உள்ளூர் டீமும் களத்துல இருக்கு. கூடவே வந்திருக்கு மினசோட்டா. இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கிறது பங்காளிச் சண்டை. மினசோட்டா அப்போ பிரிவுல முதல் இடம். 2002, 2003-னு ரெண்டு பட்டம் அடுத்தடுத்து வாங்குன ஜாம்பவான். ஃபில் கெஸல்னு ஒரு பையன் அப்போ அந்த டீம்ல, பின்னாடி என்.ஹெச்.எல். ஸ்டார்.

அவங்களோட எதிர்ல ஹோலி கிராஸ். மாசசூசெட்ஸ்ல வூஸ்டர்ங்கிற ஊர்லேர்ந்து வந்த சின்ன ஜேசுயிட் காலேஜ். அவங்க இருந்த அட்லான்டிக் ஹாக்கி லீக்லேர்ந்து அதுவரைக்கும் ஒரு டீம்கூட இந்த டோர்னமென்ட்ல ஒரு மேட்ச் ஜெயிச்சதில்லை. நாட்டோட அந்தக் கோடியிலேர்ந்து வந்திருக்காங்க, கூட எத்தனை ரசிகர்கள் வந்திருக்க முடியும்? பேண்டு வாத்தியத்தையும் சேர்த்து ஒரு மூலைதான்.

ஆனா, ஹால்ல இருந்த நார்த் டகோட்டா கூட்டத்துக்கு மினசோட்டாவைப் பிடிக்காதே! ஹோலி கிராஸ்னா யாருனே தெரியாத ஆயிரக்கணக்கான பேர், ஒரே நாள்ல அந்தப் பசங்களைத் தத்து எடுத்துக்கிட்டாங்க. மினசோட்டா பக்கைத் தொட்டா ஊளை. ஹோலி கிராஸ் கோல்கீப்பர் டோனி கெசாடா ஒரு ஷாட்டைத் தடுத்தா கூரை அதிருது. 3-3. ஓவர் டைம். ஆரம்பிச்சு 53-வது விநாடி... டைலர் மெக்ரெகர் அடிச்சார் பாருங்க கோல்! 4-3. காலேஜ் ஹாக்கி வரலாற்றோட மிகப் பெரிய அதிர்ச்சிகள்ல ஒண்ணு முடிஞ்சது.

மினசோட்டா வந்த தூரத்தோட ஒப்பிட்டா, ஹோலி கிராஸ் வந்தது பல மடங்கு தூரம். ஆனா, அன்னிக்குச் சொந்த ஐஸ் யாருக்கு இருந்தது? வந்தவனுக்குத்தான்! சொந்த ஐஸ்ங்கிறது மைல் கணக்கு இல்லை போலிருக்கு. ஸீட்ல யார் உட்கார்ந்திருக்காங்க, அவங்களுக்கு யார் மேல காண்டு... அவ்வளவுதான்.

மறுநாளே அதுக்குச் சாட்சியும் கிடைச்சது. ரீஜனல் ஃபைனல்ல ஹோலி கிராஸுக்கு எதிரா வந்தது நார்த் டகோட்டா. நேத்துத் தோள்ல தூக்கி வெச்சு ஆடுன அதே ஊர், இன்னிக்கு எதிரி. 5-2-னு தோத்து, வந்த வழியே வூஸ்டருக்குக் கிளம்புனாங்க.

சரி, இப்ப ரூம்மேட் சண்டைக்கு வர்றேன்.

என் கட்சி இது. 1991 வரைக்கும் இருந்த மாதிரி, முதல் ரவுண்டு மேட்ச்சை வரிசையில மேல இருக்கிற டீமோட சொந்த ரிங்க்லயே வையுங்க. சீசன் பூரா உழைச்சு வாங்குன நம்பருக்கு ஒரு மரியாதை வேணும். ஹாலும் நிறையும், பசங்க ஃப்ளைட் பிடிக்க வேணாம், ஹாஸ்டல்லேர்ந்து நடந்தே வருவாங்க. பொண்ணுங்க டோர்னமென்ட் அப்படித்தானே நடக்குது? 2022-லேர்ந்து 11 டீம்; ஃப்ரோஸன் ஃபோருக்கு முந்தின மேட்ச் எல்லாமே வரிசையில மேல இருக்கிறவங்க காலேஜ் ரிங்க்ல. விஸ்கான்சின் பொண்ணுங்களுக்குனு 2012-ல திறந்த லபான் அரீனாவுல ரெண்டாயிரத்துச் சொச்சம் ஸீட்தான். சின்ன ஹால், நிறைஞ்ச ஹால். டி.வி-யில பார்த்தாலே ஜிவ்வுனு இருக்கும். பொண்ணுங்களுக்குச் சரியா இருக்கிறது பசங்களுக்கு மட்டும் ஏன் கசக்குதாம்? பயிற்சியாளர்கள் மத்தியிலேயே இது வருஷக்கணக்கா ஓடுற பஞ்சாயத்து. டென்வர் கோச் டேவிட் கார்ல் மாதிரி ஆளுங்க, 'காலேஜ் ரிங்க்லயே வைங்க'னு வெளிப்படையாப் பேசுறாங்க.

ரூம்மேட் கட்சி நேர் எதிர். அவன் ஒரே கேள்விதான் கேட்டான். "ஆர்.ஐ.டி. என்னடா ஆகியிருக்கும்?"

ராச்செஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. பேரைப் பார்த்தாலே தெரியுதுல்ல... நம்ம ஜாதி. இன்ஜினீயரிங் காலேஜ்! மத்த விளையாட்டுல எல்லாம் மூணாம் டிவிஷன். ஹாக்கியில மட்டும் 2005-06-ல முதல் டிவிஷனுக்கு வந்தாங்க. அப்போ ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. அவங்க ரிட்டர் அரீனாவுல ரெண்டாயிரம் சொச்சம் ஸீட். வந்து அஞ்சாவது சீசன், 2010. ரீஜனல் நியூயார்க் மாநிலத்துல, ஆல்பனியில. ராச்செஸ்டர்லேர்ந்து கார்லயே போயிடலாம். ஆரஞ்சு கலர் சட்டைங்க கிளம்பிப் போச்சு. முதல் மேட்ச், பிரிவுல முதல் இடத்துல இருந்த டென்வர். 2-1. காலி! அடுத்து நியூ ஹாம்ப்ஷயர். 6-2. காலி! லேப் ரெக்கார்டு எழுதுற பசங்க ஃப்ரோஸன் ஃபோர்ல நிக்கிறாங்க!

"நீ சொல்ற மாதிரி வெச்சிருந்தா அந்த மேட்ச் எங்கே நடந்திருக்கும்? டென்வர்ல. கடல் மட்டத்துலேர்ந்து ஒரு மைல் உசரத்துல. மூச்சே வாங்காது. எதிர்ல டென்வர் கூட்டம். ஆர்.ஐ.டி. ஜெயிச்சிருக்குமா? ஏர் ஃபோர்ஸ் ஜெயிச்சிருக்குமா? ஏ.ஐ.சி?"

அவன் சொல்றது 2018, 2019 கதை. ரெண்டு வருஷமும் நாட்டுலயே நம்பர் ஒன் இடத்துல வந்தது செயின்ட் கிளவுட் ஸ்டேட். 2018-ல சியூ ஃபால்ஸ்ல ஏர் ஃபோர்ஸ்கிட்ட 4-1. 2019-ல ஃபார்கோல அமெரிக்கன் இன்டர்நேஷனல் காலேஜ்னு ஒரு சின்ன காலேஜ்கிட்ட 2-1. ரெண்டு தடவையும் முதல் மேட்ச்லயே வீட்டுக்கு! செயின்ட் கிளவுட்டோட சொந்த ரிங்க் 100 அடி அகல ஒலிம்பிக் சைஸ். அங்கே நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

எனக்கு பதில் வரலை. உண்மையைச் சொல்லணும்னா, நான் படிக்கிற காலேஜ் பேரைச் சொன்னா பக்கத்து ஜில்லாவுலயே 'அது எங்கப்பா இருக்கு?'னு கேப்பாங்க. நியாயமா பார்த்தா நான் ஹோலி கிராஸ் கட்சி, ஆர்.ஐ.டி. கட்சி. பெரிய காலேஜ் ஹாலுக்குப் போய் நின்னாலே பாதி உசிர் போயிடுற ஜாதி. வாடகை ஐஸ்னாலதான் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வாசல் திறக்குதுனு அவன் சொன்னப்போ, கோபம்தான் வந்துது. சரியா சொல்லிட்டானேனு!

அப்புறம் ராத்திரி பூரா யோசிச்சு, காலையில ஒரு பதில் கண்டுபிடிச்சேன். ஆர்.ஐ.டி. ஜெயிச்சது காலி ஹால்ல இல்லையேடா! கார் ஓட்டிப் போற தூரம்ங்கிறதால சொந்தப் பசங்க போக முடிஞ்சுது. ஹோலி கிராஸுக்கு அந்தத் தூரமும் வாய்க்கலை, இரவல் கூட்டம் கிடைச்சுது. நீ காப்பாத்த நினைக்கிற கதையிலேயே ஹால் நிறைஞ்சுதான் இருக்கு. காலி ஸீட்டு ஜெயிக்கவெச்ச சின்ன காலேஜ் எதுனு சொல்லு பார்ப்போம்!

"ஃபார்கோ"ன்னான். அன்னிக்கு ஃபார்கோல எத்தனை ஸீட் காலினு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுலேர்ந்துதான் பேச்சுவார்த்தை இல்லை.

ஆர்.ஐ.டி. கதையோட மிச்சத்தையும் சொல்லிடுறேன். 2010 ஃப்ரோஸன் ஃபோர் டெட்ராய்ட்ல, ஃபோர்ட் ஃபீல்டுங்கிற ஃபுட்பால் ஸ்டேடியத்துல நடந்தது. ரெண்டாயிரம் பேர் முன்னாடி ஆடிப் பழகுன பசங்க, செமி ஃபைனல் அன்னிக்கு 34,954 பேர் முன்னாடி இறங்குனாங்க. எதிர்ல விஸ்கான்சின். 8-1. துவைச்சுக் காயப்போட்டுட்டாங்க! ரெண்டு நாள் கழிச்சு ஃபைனல்ல அதே விஸ்கான்சினை பாஸ்டன் காலேஜ் 5-0-னு துவைச்சுது. பார்த்தவங்க 37,592 பேர். ஃப்ரோஸன் ஃபோருக்கு மட்டும் வாடகை ஐஸ்தான் சரினு நானும் அவனும் ஒத்துப்போறோம். அங்கே தன் டீம் ஆடாட்டாலும் தன் காலேஜ் ஜெர்ஸியை மாட்டிக்கிட்டு வந்து உட்கார்ற கூட்டம் இருக்கு.

ராச்செஸ்டர்ல அந்தப் பழைய ரிட்டர் அரீனாவுக்குப் பதிலா 2014-ல நாலாயிரம் சொச்சம் ஸீட்டோட புது ரிங்க் திறந்தாங்க. அங்கே ஒரு மார்ச் மாச மேட்ச் நடந்தா எப்படி இருக்கும்னு பார்க்கணும் எனக்கு. 'அதுக்கு அவங்க வரிசையில மேல வரணும்ல'னு ரூம்மேட் சொல்வான், பேசுனா.

ஃபைனல் எப்பவும் ஏப்ரல்ல, அவங்களுக்கு சனிக்கிழமை ராத்திரி, நமக்கு ஞாயிறு விடியற்காலை. அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும். அலாரம் வெக்கிறது அவன் போன்லதான், என் போன்ல ஸ்பீக்கர் அவுட். அதனால அதுக்குள்ள ராசியாகிடணும்.